பழைய பில்லுக்குப் பழைய வரி

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருட்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் போன நாள். ஆயத்த ஆடையில் அதுவரை 1,000 ரூபாய்க்குள் இருந்தால் 5, தாண்டினால் 12. அன்றிலிருந்து 2,500 வரை 5, அதற்கு மேல் 18.

திருப்பூரில் நான் பில்லிங் மென்பொருள் அமைத்துக் கொடுத்த ஒரு பனியன் கம்பெனியில் அன்று காலை ஒரே சந்தோஷம். கிளவுட் சேவை என்பதால் ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் ஆகி, முதல் பில்லே சரியாக 5 சதவீதத்தில் வந்தது. மத்தியானம் ஒரு கடையிலிருந்து 40 சட்டை திரும்பி வந்தது. ஆகஸ்டில் போன சரக்கு, ஒன்று 1,400 ரூபாய். திரும்பிய சரக்கின் தொகையைக் கழிக்கும் சீட்டான கிரெடிட் நோட் போட்ட கணக்கக்கா என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்க தம்பி, அன்னைக்கு 12 போட்டுட்டு இன்னைக்கு 5 கழிக்குது. மிச்சம் ஏழு யாரு கணக்குங்க?”

சட்டைக்கு 98 ரூபாய். நாற்பதுக்கு 3,920. சின்னத் தொகைதான், ஆனால் அந்த வாரம் திரும்பி வரவேண்டிய ரிட்டர்ன் சரக்கு இன்னும் நிறைய இருந்தது.

காரணம் எளிது. சரக்கு மாஸ்டரில், அதாவது ஒவ்வொரு சரக்கின் விவரமும் இருக்கும் பட்டியலில், வரிக்கு ஒரே ஒரு கட்டம். புது விகிதம் பழையதை அழித்துவிட்டது. ‘எந்தத் தேதியிலிருந்து’ என்ற இன்னொரு கட்டம் இருந்திருக்க வேண்டும். கிரெடிட் நோட்டோ மாஸ்டரைப் பார்க்கவே கூடாது, மூல பில்லிலிருந்து வரியை எடுக்க வேண்டும். டெமோவின்போது நானும் புது பில்லை மட்டும்தான் போட்டுப் பார்த்தேன். தப்பில் எனக்கும் பங்குண்டு.

விதி மாறுவது நமக்கு என்ன புதிதா? பில்லை அரசுத் தளத்தில் பதிய வேண்டிய இ-இன்வாய்ஸ் யாருக்குக் கட்டாயம் என்ற வருட விற்றுமுதல் வரம்பு 2020 அக்டோபரில் 500 கோடி. அப்புறம் 100, 50, 20, 10 என்று இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்துவிட்டது. இப்படி மாறுகிற எண்களை நிரலுக்குள் புதைத்து வைத்திருக்கும் சேவையை வாங்கினால், ஒவ்வொரு தடவையும் அவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பணம் கட்டுமுன், நிஜ பில்களைத் தொடாமல் போட்டுப் பார்க்க சோதனைக் கணக்கு ஒன்று கேளுங்கள். அப்டேட் வருவதை எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் ஆட்கள் தனியாக வைத்திருக்கும் எக்செல், நோட்டு எல்லாவற்றையும் ஒருமுறை புரட்டுங்கள். மென்பொருள் செய்யாத வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. அந்த அக்காவின் நோட்டில் சாயப்பட்டறைக்குப் போன துணியின் எடைக்குறைவு, சலான் (சரக்கோடு போகும் சீட்டு) வாரியாக, ஒன்றரை வருடத்துக்கு இருந்தது. எங்கள் திரையில் அதற்கு இடமே இல்லை.

இப்போது அங்கே அப்டேட் வந்தால் முதலில் உட்காருவது அவர்தான். சோதனைக் கணக்கில் ஒரு பழைய ரிட்டர்னைப் போட்டுப் பார்த்து, அவர் சரி என்ற பிறகே மற்றவர்களுக்குத் திறக்கிறோம்.