நெஞ்சுக்கறி ஏன் பஞ்சாகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை காட்பாடியில் எங்கள் தெருமுனைக் கோழிக்கறிக் கடையில் நின்றால் ஒரே குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்கும்: "அண்ணே, லெக் பீஸ் ஒண்ணு கூடப் போடுங்க." நெஞ்சுக்கறியை வாய்விட்டுக் கேட்பவர்கள் இரண்டே வகை. ஜிம்முக்குப் போகும் பையன்கள், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். போன வருஷம் நான் இரண்டாவது வகையில் சேர்ந்தேன். அரைக் கிலோ எலும்பில்லாத நெஞ்சுக்கறியை வாங்கி, வழக்கம்போலக் குக்கரில் மூன்று விசில் விட்டேன். திறந்து பார்த்தால் குழம்பில் தேங்காய் நார் மிதக்கிறது.

தப்பு கறியின் மேல் இல்லை. கால்கறியைச் சமைப்பதுபோல நெஞ்சுக்கறியைச் சமைத்ததுதான் தப்பு.

கோழி நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது, கிளறுகிறது. ஓயாமல் உழைக்கும் கால் தசைக்கு ஆக்சிஜன் விடாமல் வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள மையோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதம் அங்கே நிறைய இருக்கிறது. கால்கறியின் கருமை அதனால்தான். நெஞ்சுத் தசையின் வேலை இறக்கையை அடிப்பது. நம் கோழி எப்போது பறக்கிறது? நாய் துரத்தினால் மதில்மேல் ஏறும், அவ்வளவுதான். அந்தச் சில நொடிப் பாய்ச்சலுக்குத் தசையில் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுப்பொருளே போதும். மையோகுளோபின் குறைவு, அதனால் வெள்ளை. வாத்தின் நெஞ்சை வெட்டிப் பாருங்கள், சிவப்பாக இருக்கும். வீட்டு வாத்து பறப்பதில்லைதான். ஆனால் அதன் முன்னோர்கள் நெடுந்தூரம் பறந்தவை.

தோலுரித்த நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம், 3 கிராமுக்குள் கொழுப்பு. தோலோடு என்றால் கொழுப்பு 9 கிராம் வரை போகும். உடம்புக்கு நல்லது என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். சமையலறையில் தொல்லை கொடுப்பதும் இதே கணக்குதான்.

பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். சூடு 50 டிகிரியைத் தொடும்போது புரதங்கள் இறுகத் தொடங்கும். 65ஐத் தாண்டினால் நார்கள் சுருங்கி, ஈரத்துணியை முறுக்கியதுபோலச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். கால்கறிக்கும் இதே கதிதான், ஆனால் அதற்கு ஒரு துணை உண்டு. தசைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் அதில் அதிகம். 70 டிகிரிக்கு மேல் நேரம் ஆக ஆக அது ஜெலட்டினாக உருகி, வறண்ட நாருக்கு வழுவழுப்புக் கொடுக்கும். ஆம்பூர் பிரியாணியில் ஆட்டுக்கறியை மசாலாவில் நன்றாக வேகவிட்டு, அப்புறம்தான் சீரக சம்பாவைச் சேர்த்து தம் போடுகிறார்கள். அவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தும் கறி மெத்தென்று இருப்பது இந்த உருகலால்தான். நெஞ்சுக்கறியில் உருகக் கொலாஜனும் இல்லை, காப்பாற்றக் கொழுப்பும் இல்லை. குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை ஏறும். மூன்று விசில் என்பது அதற்குத் தண்டனை.

அதற்காக அரைவேக்காட்டில் இறக்கிவிடவும் கூடாது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் சாக, துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். தொட்டதும் இறக்கிவிட வேண்டும். கெட்டிக்காரத்தனம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள், இப்போது அவர்கள்தான் தேடுகிறார்கள். (பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால் கிருமி போகாது, சிங்க் முழுக்கத் தெறிக்கும். மஞ்சள் போட்டாலும்தான். எங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.)

உப்புத் தண்ணீர் நன்றாக உதவுகிறது. ஒரு லிட்டருக்கு 50 கிராம் உப்பைக் கரைத்து அரை மணி நேரம் ஊறப்போட்டால், உப்பு தசைப்புரதத்தைச் சற்றுத் தளர்த்திவிடும். வேகும்போது அது இறுக்கிப் பிழிவது குறையும். அப்புறம் மசாலாவில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், பிரஷர் உள்ளவர்கள் இந்த வழியையே விட்டுவிடலாம். தயிரும் சரி, அதன் புளிப்பு மென்மையானது. எலுமிச்சைச் சாற்றில் ராத்திரி முழுக்க ஊறினால் மேல்பக்கம் மாவாகிவிடும்.

இப்போது எங்கள் வீட்டுக் குழம்பில் கால் துண்டுகள் முதலில் போகின்றன. அவை முக்கால் வேக்காடு ஆன பிறகு, ஒரு அங்குலத்துக்கு வெட்டிய நெஞ்சுத் துண்டுகளைப் போட்டு, ஏழெட்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறோம். வெட்டும்போது நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். நார் குட்டையானால் பல்லுக்கு வேலை குறையும்.

"தள்ளுவண்டியில் போடுற போன்லெஸ் சில்லி சிக்கனும் நெஞ்சுக்கறிதானே மாமா?" என்று மைத்துனர் கேட்கிறார். கறி அதேதான். ஆனால் 15 மில்லி எண்ணெயில் கிட்டத்தட்ட 14 கிராம் கொழுப்பு. மேலே பூசிய மாவு குடிப்பது அந்த எண்ணெயைத்தான்.