பசித்த பிறகு முடிவெடுக்க வேண்டாம்: நெடுந்தூர லாரி ஓட்டுநர்களுக்கு

சென்னையிலிருந்து வரும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையும் சந்திக்கிற ஊர் கிருஷ்ணகிரி. இந்த ஊரில் பொது மருத்துவம் பார்க்கும் எவருக்கும் லாரி ஓட்டுநர்கள் அன்றாடம் வரும் நோயாளிகள். புறவழிச்சாலையை ஒட்டிய என் கிளினிக்கில் இரவு எட்டு மணிக்கு மேல் வருபவர்களில் அவர்களே அதிகம். "டாக்டரம்மா, லோடு நிற்கிறது, சீக்கிரம் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

முதுகுவலி, நெஞ்செரிச்சல், மூலம், நீர்க்கடுப்பு என்று ஏதாவது ஒன்றுக்காக வருவார்கள். ரத்த அழுத்தம் பார்த்தால் 150-க்கு மேல் நிற்கும். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் 250, 300 என்று காட்டும். பலருக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. வயிறு பெருத்துக்கொண்டே வந்ததை அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். பேண்ட் போடுகிறவருக்கு இடுப்பு இறுக்கமாவது தெரியும். வண்டியில் லுங்கி கட்டிக்கொண்டு இருப்பவருக்கு அதுவும் தெரியாது. ஆகவே தையல்காரரின் டேப்பை வாங்கித் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால், வேறு தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இவர்களிடம் "நேரத்துக்குச் சாப்பிடுங்கள், காலையில் நடைப்பயிற்சி போங்கள், இரவு சீக்கிரம் படுங்கள்" என்று சொல்லி அனுப்புவதில் எந்தப் பயனும் இல்லை. இரவு இரண்டு மணிக்குப் புனேவில் சரக்கு இறக்க வேண்டியவர் எந்த நேரத்துக்குச் சாப்பிடுவார்? லோடு ஏற்றும் நேரம், நகரத்துக்குள் நுழைய அனுமதிக்கும் நேரம், அத்திப்பள்ளி நெரிசல் என்று எல்லாமாகச் சேர்ந்துதான் அவருடைய பசியை நடத்துகின்றன. உடம்பைக் கெடுப்பது அவருடைய நாக்கு என்று பழி போடுவது எளிது. நான் பார்த்தவரை அந்தப் பழியில் பெரும்பகுதி வேலை நேரத்தைத்தான் சேரும்.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான். வழியில் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்பதை வண்டியைக் கிளப்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒன்பது மணி நேரம் ஓட்டிவிட்டு இரவு பதினொரு மணிக்குப் பசியோடு இறங்குபவர் முன்னால் பரோட்டாக் கல் காய்ந்துகொண்டிருக்கும்போது எந்த மருத்துவரின் அறிவுரையும் நினைவுக்கு வராது. பசித்த பிறகு எடுக்கும் முடிவு ஓட்டல்காரரின் முடிவு.

கேபினில் என்ன இருக்க வேண்டும்

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ராகி விளையும் மண். தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளிலும் ராகி கொடுக்கிறார்கள். புறப்படும் நாளில் வீட்டில் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ஏறுபவருக்குச் சேலம் தாண்டியும் பசிக்காது. அரிசியைவிட ராகியில் நார்ச்சத்து பல மடங்கு அதிகம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. ஆனால் ராகியும் மாவுச்சத்துதான். சர்க்கரை நோயாளிக்கு ராகி நல்லது என்று கேள்விப்பட்டு மூன்று உருண்டை களி சாப்பிட்டுவிட்டு வந்து, "சர்க்கரை ஏன் குறையவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு உருண்டை போதும். குழம்பில் மொச்சையோ, கொள்ளோ, கீரையோ நிறைய இருக்கட்டும். கூழாகக் கரைத்துக் குடித்தால் களியைவிட வேகமாகச் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

களி மறுநாளுக்குத் தாங்காது. முருங்கைக்கீரை போட்ட ராகி ரொட்டி மறுநாள் காலை வரை தாங்கும். அதற்குப் பிறகுதான் சிக்கல், அங்கேதான் டப்பா வேண்டும். மூடி இறுக்கமான இரண்டு டப்பாக்கள். ஒன்றில் தோலோடு வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும், உப்பு போடாதது. இன்னொன்றில் பச்சைப்பயறோ கொண்டைக்கடலையோ. இரவு படுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் பயறு மென்று சாப்பிடும் பதத்தில் இருக்கும். காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், கேபின் சூட்டில் மதியத்துக்குள் புளித்துவிடும். கொண்டைக்கடலையை வேகவைத்தால்தான் வயிற்றுக்கு ஒத்துவரும். இவற்றோடு கொய்யா, வெள்ளரி, கேரட். கொய்யா இரண்டு மூன்று நாள் கெடாது, கழுவினால் போதும், ஓட்டுநருக்கு இதைவிட நல்ல பழம் எனக்குத் தெரியவில்லை.

வண்டியிலேயே சமைக்கிற பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. மிக நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் பெரும்பாலும் சாதமும் உருளைக்கிழங்குக் குழம்பும்தான் கொதிக்கின்றன. உருளைக்கிழங்கைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்பையும் இரண்டு முட்டையையும் சேருங்கள். சாதம் தானாகக் குறையும். ஒரு எச்சரிக்கை: மழை பெய்கிறது, குளிர்கிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு கேபினுக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு மூடிய கேபினில் சேர்ந்தால், தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.

ஓட்டலில்தான் சாப்பிட வேண்டும் என்றால், சாப்பிடும் வரிசையை மாற்றுங்கள். இலையில் உட்கார்ந்ததும் இரண்டு அவித்த முட்டையோ ஒரு ஆம்லெட்டோ முதலில் சொல்லுங்கள். கூடவே வெங்காயம், வெள்ளரி. அவற்றைச் சாப்பிட்டு முடித்த பிறகு பரோட்டா கேளுங்கள். புரதமும் நார்ச்சத்தும் முதலில் உள்ளே போனால் அடுத்து வரும் மாவு சர்க்கரையை அவ்வளவு வேகமாக ஏற்றுவதில்லை. ஐந்து பரோட்டா கேட்கிற வயிறு இரண்டோடு நின்றுவிடும். வடக்கே போகிறவர்களுக்குத் தாபாவில் கோதுமைச் சப்பாத்தியும் தாலும் எங்கும் கிடைக்கும். மேலே மிதக்கும் நெய்யும் வெண்ணெயும் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டீக்கு வருகிறேன். ஓட்டுநர்களிடம் எத்தனை டீ என்று கேட்டால் "நாலைந்து" என்பார்கள். கூட வந்த கிளீனரைக் கேட்டால் எட்டு, பத்து என்று உண்மை வரும். ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலும் எட்டு டீக்குப் பதினாறு ஸ்பூன். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு ஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை நான் நிறுத்தச் சொல்வதில்லை, அது தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். சர்க்கரை இல்லாமல் கேளுங்கள். பத்து நாள் கசக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். டீயோடு வரும் பிஸ்கட்டும் பன்னும் மைதாவும் சர்க்கரையும்தான், அவற்றின் இடத்தில் கடலை டப்பாவைத் திறக்கலாம்.

மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் பரவாயில்லை, இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், வயது 46. தன் சர்க்கரை நோய் மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்தார். ஒன்று மெட்ஃபார்மின், இன்னொன்று கிளிமிபிரைடு. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நாலைந்து மாத்திரைகள் வரிசையாகக் காலி, அடுத்த வரிசை முழுதும் அப்படியே, மறுபடி இரண்டு காலி. வீட்டில் இருந்த நாட்களும் டிரிப்பில் இருந்த நாட்களும் அந்த அட்டையில் அப்படியே தெரிந்தன. "வண்டியில் போகும்போது போடுவதில்லையா?" என்று கேட்டேன். தயங்கிச் சொன்னார். ஒருமுறை விடியற்காலையில் மாத்திரை போட்டிருக்கிறார். லோடு இறக்கும் வரிசையில் நின்றதில் காலை உணவு இல்லை. திரும்பி வரும்போது சூளகிரிக்கு அருகே கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, முன்னால் போகும் வண்டி இரண்டாகத் தெரிந்திருக்கிறது. ஓரங்கட்டி நிறுத்தி, ஒரு டீ குடித்ததும் சரியாகிவிட்டது. பித்த மயக்கம் என்று நினைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து மாத்திரையைக் கண்டாலே பயம்.

அது பித்தம் அல்ல, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிய தாழ்நிலை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். மெட்ஃபார்மின் தனியாக அப்படிச் செய்வது அரிது. ஓட்டுநர் என்று சொன்னால், தாழ்நிலைக்குக் கொண்டுபோகாத மாத்திரைகளை மருத்துவரால் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகத் தொழிலைச் சொல்லுங்கள். தானாக மாத்திரையை நிறுத்துவது தீர்வு ஆகாது. நிறுத்தினால் சர்க்கரை ஏறி, கண்ணும் காலின் உணர்ச்சியும் மெல்லக் கெடும். அவை இரண்டும் இல்லாமல் எந்த ஓட்டுநரால் வண்டி ஓட்ட முடியும்?

சாப்பாடு கண்ணுக்கு எதிரே வந்த பிறகுதான் அந்த மாத்திரையை வாயில் போட வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம், மங்கிய பார்வை என்று எது வந்தாலும் வண்டியை நிறுத்துங்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் பொறுங்கள். குறையவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். தெளிவு முழுதாகத் திரும்ப முக்கால் மணி நேரமாவது ஆகும். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் தெளிவில்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரைப் பொட்டலம் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீர், நடை, தூக்கம்

இறங்க இடம் கிடைக்காது என்று தண்ணீரைக் குறைப்பவர்களுக்குத்தான் சிறுநீரகக் கல் அதிகம் வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்ல விதி. ஆனால் ஏசியில் தாகம் தெரியாது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது என்றால் தண்ணீர் போதவில்லை.

உடற்பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லப்போவதில்லை. நிறுத்தும் இடங்களில் டயரைத் தட்டிப் பார்க்க வண்டியைச் சுற்றி வருகிறீர்கள் அல்லவா? சாப்பிட்ட பிறகு அதையே பத்து நிமிடம் நீட்டுங்கள். சாப்பாட்டுக்குப் பின் வரும் சர்க்கரை ஏற்றத்தை அந்த நடை கண்கூடாகக் குறைக்கும். கேபினிலிருந்து குதிக்க வேண்டாம், வண்டியைப் பார்த்தபடி கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். பல மணி நேரம் உட்கார்ந்து இறங்கியவுடன் தார்ப்பாயை இழுப்பதும் கயிறு கட்டுவதும் முதுகுத்தண்டுக்குக் கேடு. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்து ஓட்டுகிற பழக்கத்தை நிறுத்தியதும் ஒருபக்கத் தொடை வலி குறைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூக்கத்தை விரட்டப் புகையிலையை உதட்டில் அடக்குபவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். வாயை அகலத் திறந்து மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழையுங்கள். நுழையவில்லை என்றாலோ, உள்ளே வெள்ளைத் திட்டு இருந்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் வரும்போது அதற்கு மருந்து தூக்கமே. ஒரு டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் சாய்ந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டிலோ கிளீனரோ சொன்னால் அதுவும் ஒரு நோய்தான். எட்டு மணி நேரம் படுத்தாலும் அவருக்குப் பகலில் கண் சொக்கும்.

வண்டி உரிமையாளர்களிடம் ஒரு வார்த்தை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 8 மணி நேர வேலை, நெடுந்தூர வழித்தடங்களில் சிறப்பு அனுமதியோடு 10 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் அரை மணி ஓய்வு என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டம் சொன்னது. அந்த அரை மணி நேரத்தை உங்கள் டிரிப் கணக்கில் சேர்க்காமல், ஓட்டுநரை மட்டும் ஒழுங்காகச் சாப்பிடச் சொல்வது நியாயமில்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனால் ஊழியர் வீட்டுக்கு வரும் நாளில் நீங்கள் நாக்பூரில் இருப்பீர்கள். ஆகவே ஊருக்குத் திரும்பும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், கட்டணம் இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம் என்பதால் உங்களுக்கு அதுவே வசதி. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது சர்க்கரை நோய்.

நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தி, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், வாயு என்று சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு 108-ஐ அழையுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு இடங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. லோடை இறக்கிவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வரவும் வேண்டாம்.