சி.ஆர்.பி. என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கொரோனா காலத்தில் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிப் பார்த்தவர்களுக்கு ‘சி.ஆர்.பி.’ நினைவிருக்கும். விரித்தால் ‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’.

இந்த ‘சி’ வைட்டமின் சி அல்ல. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் பிரான்சிஸும் நிமோனியாவை ஆராய்ந்தார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பகுதிக்கு ‘சி’ என்று பெயர். காய்ச்சல் உச்சத்தில் இருந்தவரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) அதனோடு கலந்தால் படிவு விழுந்தது. அவர் தேறியபின் கலந்தால் விழவில்லை. ‘சி’யோடு வினைபுரிவது என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

தமிழில் ‘சி-எதிர்வினைப் புரதம்’ என்கிறோம். பிழையில்லை. ஆனால் அது சோதனைக்குழாயில் நடந்ததைத்தான் சொல்கிறது, உடம்பில் நடப்பதை அல்ல. உடம்பில் நடப்பது அழற்சி, அதாவது கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு கிளர்ந்தெழுவது. நமக்கு வாய்த்த அருமையான சொல் இது: அழல் என்றால் தீ. அந்தத் தீ மூண்டதும் ‘இன்டர்லியூக்கின்-6’ என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் இந்தப் புரதத்தைச் சுரக்கிறது. சில மணி நேரத்தில் அளவு ஏறும். தீ தணிந்தால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.

சரி, நோய் முற்றுமா என்று இதை வைத்துச் சொல்லமுடியுமா? சாதாரண வைரஸ் சளிக்காய்ச்சலில் இது பெரும்பாலும் கொஞ்சம்தான் ஏறும். கொரோனா தீவிரமானவர்களுக்கோ வைரஸைவிட உடம்பின் சொந்த அழற்சியே நுரையீரலை வாட்டியது. அதனால் சி.ஆர்.பி. அளவும் எகிறியது. கொரோனாவுக்கான மருந்துகளைச் சோதித்த பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வில், ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்குத்தான் டோசிலிசுமாப் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு குறைந்தது. அந்த மருந்து தடுப்பது இன்டர்லியூக்கின்-6இன் வேலையைத்தான். அதனால் மருந்து ஏறியபின் சி.ஆர்.பி. இறங்கினாலும், அதை மட்டும் வைத்து நோய் தணிந்தது என்று சொல்லமுடியாது.

பாடநூலில் ‘சி-எதிர்வினைப் புரதம்’ இருக்கட்டும். நோயாளியிடம் பேசும்போது ‘அழற்சிப் புரதம்’ என்றே சொல்லலாம் என்பது என் கருத்து. அழற்சியோடு ஏறும் புரதங்கள் வேறும் உண்டுதான். ஆனால் ‘அழற்சிப் புரதம் நேற்றைவிட ஏறியிருக்கிறது’ என்றால் படுக்கையில் இருப்பவருக்கும் உடனே புரியும்.