உஜ்வாலா காஸ்: மனு எங்கே சிக்குகிறது, மானியம் எங்கே போகிறது

வீட்டுக்குள் நிற்கும் விறகடுப்புப் புகையை ஒழிக்க, ஏழைக் குடும்பப் பெண்களுக்கு மத்திய அரசு இலவச காஸ் இணைப்பு தருவதுதான் உஜ்வாலா திட்டம். 2016 மே 1-ல் தொடங்கியது, 2021-ல் இரண்டாம் கட்டம், 2025-ல் மேலும் 25 லட்சம் இணைப்புக்கு அனுமதி. வரலாறு இவ்வளவு போதும். சிலிண்டர், ரெகுலேட்டர் டெபாசிட், டியூப், புத்தகம், பொருத்தும் கூலி, அடுப்பு, முதல் சிலிண்டர் காஸ் எதற்கும் நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. 18 வயது நிறைந்த பெண்ணின் பெயரில் மட்டுமே கிடைக்கும்.

“திட்டம் முடிஞ்சிருச்சும்மா” என்று ஏஜென்சியில் சொன்னால் அப்படியே திரும்பி வராதீர்கள். 1800-266-6696 என்ற உஜ்வாலா இலவச எண்ணில் கேளுங்கள். ஒதுக்கீடு இருந்தால் உஜ்வாலா இணையதளத்திலேயே பதிந்து, பதிவு எண்ணோடு ஏஜென்சிக்குப் போங்கள். எண் கையில் இருந்தால் “மனுவே வரலையே” என்ற பேச்சுக்கு இடமில்லை.

பெரும்பாலான மனுக்கள் வறுமைக் கணக்கில் தோற்பதில்லை. ரேஷன் கார்டில் தோற்கின்றன. கார்டில் உள்ள வயது வந்தோர் எல்லோருடைய ஆதாரையும் கேட்பார்கள். அதில் ஒருவர் பெயரில் எந்தக் கம்பெனி இணைப்பு இருந்தாலும் கம்ப்யூட்டர் மனுவைத் தள்ளிவிடும். கல்யாணமாகிப் பல வருஷம் ஆன பெண்ணின் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் கார்டில் இருக்கும், அம்மாவுக்கு காஸ் இருக்கும். இவள் வீட்டில் விறகுதான் எரிகிறது, ஆனால் கணக்கில் இவளுக்கு காஸ் உண்டு! முதலில் அங்கே பெயர் நீக்கம், பிறகு புருஷன் வீட்டுக் கார்டில் சேர்ப்பு, அதன் பிறகுதான் காஸ் மனு. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு அலைச்சல்.

இன்னொன்று தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல். 2007-ல் தொடங்கிய மாநில அரசின் இலவச காஸ் அடுப்புத் திட்டத்தில் மாமனாரோ மாமியாரோ வாங்கிய இணைப்பு. சிலிண்டர் எப்போதோ கை மாறிப் போயிருக்கும், புத்தகமும் இருக்காது. எண் மட்டும் கம்பெனி பதிவில் இருக்கிறது. மனு தள்ளுபடியானால் “எந்த எண்ணோடு மோதுது, எந்த ஏஜென்சி” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சொல்ல மறுத்தால் 1800-233-3555-ல் புகார். அந்த இணைப்பை முறையாக ஒப்படைத்து, ரத்துச் சீட்டு வாங்கிய பிறகுதான் புது மனு.

வறுமை உறுதிமொழியில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் மாதம் ரூ.10,000-க்கு மேல் சம்பாதித்தாலோ, வருமான வரி, தொழில் வரி கட்டினாலோ, அரசு வேலையில் இருந்தாலோ சிக்கல். வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு முகவரிச் சான்றும் ரேஷன் கார்டும் கட்டாயமில்லை, சுய உறுதிமொழிப் படிவம் உண்டு. கவுன்ட்டரில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

“எங்ககிட்டயே அடுப்பு வாங்கணும்”, “டீத்தூள், மளிகை சேர்த்து எடுத்தாத்தான் இணைப்பு” என்பதெல்லாம் அத்துமீறல். பணம் கேட்டால் பில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள்.

இணைப்பு வந்தபின் மானியச் சிக்கல். முழு விலையையும் கொடுத்துத்தான் சிலிண்டர் எடுக்க வேண்டும், மானியம் பிறகு வங்கிக்கு வரும். 2025-26 நிதியாண்டில் அது சிலிண்டருக்கு ரூ.300, அதுவும் 9 சிலிண்டருக்குத்தான். வரவில்லை என்றால் பெரும்பாலும் வேறு கணக்குக்குப் போயிருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண் செல்லாது, ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்ததோ அங்கேதான் பணம் விழும். நூறு நாள் வேலைக்குத் திறந்த பழைய கணக்கு, சிம் வாங்கக் கைரேகை வைத்தபோது சத்தமில்லாமல் திறந்த கணக்கு, இரண்டையும் பாருங்கள். ‘மை ஆதார்’ தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியில் வங்கியின் பெயர் தெரியும். ஏஜென்சிக்கு நாலு முறை நடப்பதைவிட இது ஐந்து நிமிஷ வேலை.

ஒவ்வொரு நிதியாண்டும் ஒருமுறை கைரேகைச் சரிபார்ப்பு செய்தாக வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பாத்திரம் தேய்த்தும் கல் சுமந்தும் ரேகை தேய்ந்தவர்களிடம் “விரல் விழல, போயிட்டு நாளைக்கு வாங்க” என்பார்கள். நாளைக்கும் விழாது. கம்பெனி ஆப்பில் முகம் காட்டிச் சரிபார்க்கும் வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

காஸ் வந்த வீட்டிலும் புகை போகாததற்குக் காரணம், வெந்நீருக்கும் சோற்றுக்கும் பழைய அடுப்பு உள்ளேயே எரிவதுதான். அதை வெளியே கொண்டு போங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிவிட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்வது வீண். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் அது எதை வெளியே தள்ளும்? ஒரு பக்கம் தாழ்வாகத் திறப்பு, எதிர்ப்பக்கம் கூரையையொட்டி ஒரு திறப்பு இருந்தால் காஸ் சமையலுக்குப் பெரும்பாலும் ஃபேனே தேவைப்படாது. ஃபேன் இருந்தாலும் தாளிக்கும்போதும் அதற்குப் பின் பத்து நிமிஷமும் போதும். 40 வாட் ஃபேன் தினம் 3 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டுக்கு மேல். 100 யூனிட் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு அது கணக்குதான்.

தாழ்வான திறப்பை அட்டை வைத்து அடைக்காதீர்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், வெளியேற அதுதான் வழி. வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட எந்த சுவிட்சிலும் கை வைக்காதீர்கள். வெளியே வந்த பிறகு 1906-க்குப் போன் செய்யுங்கள்.