பவர் மெஷின் வாங்குவதற்கு முன்னால்

நேற்றும் ஒருவர் வந்தார். படகை மூட நல்ல அக்ரிலிக் கித்தான் வாங்கி, தானே வெட்டி, தானே தைத்திருக்கிறார். நான்கு மீட்டர் மூட்டின் ஒரு முனையில் இரண்டு துணிகளும் பொருந்தி நிற்கின்றன. மறுமுனையில் மேல்துணி இரண்டு விரற்கடை நீண்டு கிடக்கிறது. நடுவெல்லாம் சுருக்கம். "புது பவர் மெஷின்தானே, ஏன் இப்படி?" என்கிறார். இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

தயவுசெய்து கேளுங்கள். தையல் கடைகளில் இருக்கும் பவர் மெஷின் சட்டை தைப்பதற்கானது. நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் போடுவதால் அது கித்தானைத் தைத்துவிடாது. வேகம் வேறு, வலு வேறு. மோட்டார் எத்தனை வாட் என்று விசாரிக்கிறீர்கள். துணியை நகர்த்துவது எது என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்த மெஷினில் அடியிலிருக்கும் பல் மட்டும்தான் துணியைத் தள்ளுகிறது. மேல்துணி அழுத்துபாதத்தில் உரசிப் பின்தங்குகிறது. தையலுக்கு ஒரு மயிரிழை பின்தங்கினாலும் நான்கு மீட்டரில் இரண்டு விரற்கடை ஆகாதா? எவ்வளவு பெரிய மோட்டாரை மாட்டினாலும் இது மாறாது. பல்லோடு சேர்ந்து பாதமும் நடக்கிற வாக்கிங் ஃபுட் இயந்திரம்தான் வேண்டும்.

காற்றில் படகை ஓட்டும் பாய் தைக்க, வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையலும் தேவை. பாய்க்கான பாலியஸ்டர் துணியான டாக்ரான் விறைப்பானது. பருத்தியில் அமிழ்வதுபோல நூல் அதில் அமிழாது. மேலேயே நின்று வெயிலையும் உரசலையும் வாங்கிக்கொள்ளும். காற்றில் பாய் இழுபடும்போது நேர்த்தையல் அறுந்துவிடும், ஜிக்ஜாக் இளகிக் கொடுக்கும். மூடுகித்தானுக்கு நேர்த்தையலே போதும். ஆனால் தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். நெருக்கிக் குத்தினால் தபால்தலைத் தாள் போல ஓட்டை வரிசையிலேயே கிழியும்.

நைலான் நூலைத் தொடாதீர்கள், சென்னை வெயிலில் இற்றுப்போகும். வெயில் தாங்கும் பாலியஸ்டர் நூல் வாங்குங்கள். நூலின் பருமனைச் சொல்லும் எண்ணைப் பாருங்கள்: வி-69 நூலுக்கு 16ஆம் எண் ஊசி, அதைவிடத் தடித்த வி-92க்கு 18.

சிறுவர்கள் ஓட்டும் சின்ன ஆப்டிமிஸ்ட் படகின் பாய் 3.3 சதுர மீட்டர்தான். அதில் சிறு கிழிசலுக்கு வீட்டு ஜிக்ஜாக் மெஷினே போதும். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். எந்தப் பாயானாலும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே மெஷினில் வையுங்கள். உப்பு ஏறினால் பல்லும் ஊசித்தண்டும் துருப்பிடிக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் துணியிலேயே ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகள் கொண்டுபோங்கள். குண்டூசி குத்தாமல், கையால் இழுக்காமல் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். முனைகள் ஒத்துப்போகின்றனவா? அடுத்து, பாயின் மூலையில் வருவதுபோல ஆறேழு மடிப்பு வைத்து, மோட்டாரை அணைத்துவிட்டுக் கைச்சக்கரத்தை நீங்களே சுற்றுங்கள். ஊசி வளைந்தாலோ, பாதம் ஏறமாட்டாமல் முட்டி நின்றாலோ, பணத்தை எடுக்காமல் திரும்பிவிடுங்கள்.