ஆப்பில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை: ஒப்பீட்டுச் செயலிகள் எங்கே சறுக்குகின்றன

விலை ஒப்பீட்டுச் செயலி காட்டும் "மிகக் குறைந்த விலை" மூன்று கேள்விகளுக்குச் சரியான பதில் இருந்தால்தான் உண்மை. ஒப்பிட்டது ஒரே பொருளைத்தானா? அந்த விலை எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? உங்கள் பின்கோடுக்கு, உங்கள் கையில் உள்ள கார்டுக்கு அதே விலை கிடைக்குமா? இப்படி ஒரு செயலியைத் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விலையைத் திரட்டுவதுதான் வேலை என்று எண்ணுகிறார்கள். உழைப்பில் பெரும்பகுதியை விழுங்குவது முதல் கேள்விதான்.

ஒரே போன் மாடல் 4ஜி, 5ஜி என்று இரண்டாக வரும். அதற்குள் ரேம் இரண்டு வகை, ஸ்டோரேஜ் இரண்டு வகை. ஒவ்வொரு கடையும் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதும். பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால் 6 ஜிபி போனின் விலை 8 ஜிபி போனின் பக்கத்தில் போய் உட்காரும். வாஷிங் மெஷின், டிவி போன்றவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. கிட்டத்தட்ட ஒரே இயந்திரத்துக்கு ஷோரூமுக்கு ஒரு மாடல் எண், ஆன்லைனுக்கு இன்னொரு மாடல் எண் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. கடைசி இரண்டு எழுத்து மாறினாலே ஒப்பீடு நடக்காது. நடக்கக்கூடாது என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஏசி வாங்கும்போது மின்சிக்கன நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள், லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். 2022 ஜூலையில் அளவுகோல் கடுமையாக்கப்பட்டபோது பழைய 5 நட்சத்திரம் 4 ஆக இறங்கியது. பழைய லேபிளையும் புதிய லேபிளையும் அருகருகே வைத்துவிட்டு "இது மலிவு" என்று சொல்லும் செயலி இரண்டு வேறு பொருட்களை ஒப்பிடுகிறது.

பார்கோடு இதைத் தீர்க்காதா? பாதிதான் தீர்க்கும். 13 இலக்க எண்ணில் 890 என்று தொடங்கினால் அந்த எண் இந்தியாவில் பதிவானது என்று பொருள். இந்தியாவில் தயாரானது என்று அர்த்தமில்லை. கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். முதல் 12 இலக்கங்களை இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி இலக்கம். 890123456789 என்றால் கூட்டுத்தொகை 130, கடைசி இலக்கம் 0. கேமரா தவறாகப் படித்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒரே பார்கோடில் பழைய எம்.ஆர்.பி. சரக்கும் புதிய எம்.ஆர்.பி. சரக்கும் ஒரே அலமாரியில் இருப்பது நம் ஊரில் சாதாரணம். பில் போடுபவர் "எந்த ரேட்டு?" என்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பது இதனால்தான். சூப்பர் மார்க்கெட்டில் எடை போட்டு ஒட்டும் காய்கறி ஸ்டிக்கரின் எண் 2-இல் தொடங்கும். அது அந்தக் கடைக்குள் மட்டுமே செல்லும், வேறு எந்தக் கடையோடும் ஒப்பிட முடியாது.

மளிகையில் மொத்த விலையை ஒப்பிடுவதே தப்பு. 340 மில்லி ஷாம்பு ரூ.255, 180 மில்லி ரூ.126 என்றால் சின்ன பாட்டில்தான் மலிவு: மில்லிக்கு 75 பைசாவுக்கு எதிராக 70 பைசா. பாக்கெட்டில் எம்.ஆர்.பி.யோடு கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. செயலி அதைக் காட்டாவிட்டால் நீங்களே வகுத்துப் பாருங்கள்.

இனி நேரம். 5 லட்சம் பொருட்கள், 6 கடைகள் என்றால் 30 லட்சம் விலைகள். மணிக்கொரு முறை புதுப்பிக்க நொடிக்கு 833 பக்கங்களைத் திறக்க வேண்டும். எந்தக் கடையின் சர்வரும் அதற்கு இடம் தராது. அதனால் அதிகம் தேடப்படும் பொருட்கள் அடிக்கடியும், மற்றவை நாளுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படும். பண்டிகை விற்பனை நள்ளிரவில் தொடங்கும்போது இந்த இடைவெளிதான் ஆளைக் கவிழ்க்கும். விலைக்குக் கீழே "எத்தனை மணி நிலவரம்" என்று போடாத செயலியின் எண்ணை நம்ப வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் டெலிவரி தரும் ஆப்களின் விலையோ உங்களுக்கு அருகிலுள்ள கிடங்கைப் பொறுத்தது. பின்கோடு கேட்காமல் அந்த விலையைக் காட்டினால் அது வேறு யாருடைய தெருவின் விலையோ.

கடைசியாகக் கையை விட்டுப் போகும் பணம். ஒரு கடையில் ரூ.18,999, குறிப்பிட்ட வங்கிக் கார்டுக்கு ரூ.1,500 தள்ளுபடி. இன்னொன்றில் கார்டு எதுவும் இல்லாமலே ரூ.18,199. செயலி முதலாவதை ரூ.17,499 என்று உச்சியில் வைக்கும். அந்தக் கார்டு இல்லாதவருக்கு இரண்டாவதுதான் மலிவு. கிரெடிட் கார்டின் நோ காஸ்ட் இஎம்ஐ-யிலும் செலவு உண்டு. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிடுவார்கள், ஆனால் வட்டி மீதான 18% ஜிஎஸ்டியை வங்கி உங்களிடம்தான் வாங்கும். வட்டி ரூ.1,200 என்றால் வரி ரூ.216. செயல்பாட்டுக் கட்டணம் ரூ.199 என்றால் வரியோடு ஏறக்குறைய ரூ.235. ஆக மொத்தம் ரூ.451, ஒப்பீட்டில் எங்கும் தெரியாத தொகை. டெலிவரி, ஹேண்ட்லிங், சிறிய ஆர்டர் கட்டணம் என்று பணம் செலுத்தும் பக்கத்தில் முளைப்பவை தனி.

செயலி இலவசம் என்றால் அதற்குக் காசு தருவது கடைதான். நீங்கள் லிங்கைத் தட்டி வாங்கினால் அஃபிலியேட் கமிஷன். பொதுவாக மொபைலில் இது மிகக் குறைவு, துணிமணியில் அதிகம். லிங்கைத் தட்டியபின் கடையின் சொந்த ஆப் திறந்துகொண்டால், உங்களை அனுப்பியது இந்தச் செயலிதான் என்ற பதிவு அறுந்துபோவதும் உண்டு. திருப்பி அனுப்பும் காலம் முடிந்த பிறகுதான் கமிஷன் உறுதியாகும், கைக்கு வர மேலும் வாரங்கள் பிடிக்கும். இந்த நெருக்கடியில் உள்ள தொடக்க நிறுவனத்துக்கு, அதிகக் கமிஷன் தரும் கடையை மேலே ஏற்றும் ஆசை வருவது இயல்பு. பெரியவர்களும் விதிவிலக்கில்லை: தேடல் பக்கத்தில் தன் ஒப்பீட்டுச் சேவையையே முன்னிறுத்தியதற்காக ஐரோப்பிய ஆணையம் 2017-இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனவே "பரிந்துரை" வரிசையை விட்டு "விலை: குறைவிலிருந்து" என்று மாற்றிப் பாருங்கள். முதலிடம் மாறினால் காரணம் புரியும்.

அனுமதிகளில் கறாராக இருங்கள். பார்கோடுக்குக் கேமரா போதும், இடத்துக்குப் பின்கோடைத் தட்டச்சு செய்தால் போதும். எஸ்எம்எஸ், தொடர்பு எண்கள், மற்ற ஆப்களின் திரையைப் படிக்கும் அணுகல்தன்மை அனுமதி ஆகியவற்றைக் கேட்கும் செயலிக்கு உங்கள் வங்கி விவரம் வரை கண்ணில் படும். விலை ஒப்பிட அவ்வளவு தேவையில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்தது. கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைக் கூட்டுவதும், "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அந்தப் பட்டியலில் உள்ளவை. புகாருக்கு 1915. அழைப்பதற்கு முன் பொருளின் பக்கம், பணம் செலுத்தும் பக்கம், இறுதி பில் மூன்றையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுச் செயலியின் படம் மட்டும் இருந்தால் விற்றவர் "அது எங்கள் விலை இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்.