இரட்டைப் பார்வையும் ஒரு டார்ச் வெளிச்சமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால், "இனிப்பு நீர் ஏறியிருக்கும்" என்று சொல்லிக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போவார்கள். இனிப்பு நீரை, அதாவது நீரிழிவு நோயை, சந்தேகிப்பதில் தப்பில்லை. கண்ணை அசைக்கும் நரம்புகளை அது கெடுக்கத்தான் செய்யும். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு, கழுத்து வழியாக மூளைக்குப் போகும் பெரிய தமனி, மண்டையோட்டுக்குள் பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஓரிடத்தில் புடைத்து, அதே நரம்புகளை நெருக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் பிரித்தறிய முதலில் வேண்டியது ஒரு டார்ச்தான். கண்பாவையைச் சுருக்கும் இழைகள், கண்ணை அசைக்கும் நரம்புகளில் ஒன்றான மூன்றாம் நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. புடைப்பு வெளியிலிருந்து அழுத்துவதால் அவைதான் முதலில் அடிபடும். இமை தொங்கும், பாவை விரிந்து, வெளிச்சம் அடித்தாலும் சுருங்காது. இனிப்பு நீரோ நரம்புக்குள் ஓடும் நுண்குழாய்களை அடைக்கிறது. நடுப்பகுதி பழுதாகும், பாவை பெரும்பாலும் தப்பிவிடும். இவ்வளவு மலிவான பரிசோதனை மருத்துவத்தில் அதிகம் இல்லை! பாவை விரிந்திருந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஆரம்பத்தில் பாவை சரியாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதியடையவும் முடியாது.

புடைப்பு இன்னும் கொஞ்சம் கீழே வந்தால் கதை வேறு. மூளையின் அடியில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் இரு பக்கமும் சிரை ரத்தம் நிறைந்த குழி ஒன்று உண்டு. தமனி அதற்குள் வளைந்து போகிறது. மற்ற கண் நரம்புகள் குழியின் சுவரோடு போக, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பு மட்டும் தமனியை ஒட்டியே போகிறது. அதனால் புடைப்பு அதை எளிதில் நெருக்கிவிடும், கண் வெளிப்பக்கம் திரும்பாது. இங்கே வெடித்தால் ரத்தம் பெரும்பாலும் அந்தக் குழிக்குள்ளேயே கொட்டும். கண் சிவந்து பிதுங்கும், நாடித் துடிப்போடு தலைக்குள் உஸ் உஸ் என்று கேட்கும்.

ஸ்கேனில் இந்தப் புடைப்பு பிட்யூட்டரி கட்டி மாதிரியே ஏமாற்றக்கூடும். கட்டி என்று நம்பி மூக்கு வழியாகக் கத்தி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அதனால்தான் முதலில் ரத்தக்குழாயைப் படம் எடுக்கிறார்கள். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் என்ற போர்த்துகீசிய நரம்பியல் மருத்துவர் கழுத்துத் தமனியில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் காட்டிய வழி அது. இன்று தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை நுழைத்து அதையே செய்கிறார்கள். அதற்கு முன்பே சிடி படம் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாயம் கொடுக்க மருத்துவர் தயங்கினால், சாயமே இல்லாமல் எம்ஆர்ஐயிலும் தமனியைப் பார்க்கலாம்.